பேசிக்கொண்டே எடுத்த அச்சு

கிளட்ச் அக்காவை மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தது யார் யோசனையோ, மேசைக்குத்தான் பாவம். இரண்டு வாரத்தில் அதன் குறுக்குக் கட்டையில் வார்னிஷ் உரிந்துவிட்டது. அக்காவின் இடது கால் அங்கே இல்லாத கிளட்ச்சை மிதிக்கும். வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை அமுக்கும். வாசலில் ஒரு கார் கிளம்பினால் போதும், இரண்டு காலும் சேர்ந்து வேலை செய்யும்.

அது ஒரு கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி. அக்கா அங்கே இருபத்திரண்டு வருடமாக ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அந்தப் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். "கிளட்ச்சை விடு, மெதுவா விடு" என்று ஒரு நாளைக்கு நானூறு தடவை சொன்னால் பெயர் நிலைக்காமல் என்ன செய்யும்? காருக்கு வெளியே எல்லோரையும் "வாங்க, போங்க" என்பாள். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் நீதிபதியானாலும் "நீ"தான். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. கார் ஓடும்போது கோபித்துக்கொள்ள யாருக்கு நேரம் இருக்கிறது?

இப்போது அவள் விண்ணப்பத் தாள்களை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து, மறுபடி அடுக்கினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தாகமில்லாமல் எத்தனை தடவைதான் குடிப்பது? வயிறு நிறைந்ததே தவிர இருப்புக் கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். ஊர் நடுவில் நான்கு தெரு சந்திக்கிற முனை ஒன்று உண்டு. சிக்னல் கிடையாது, பார்த்துப் போக வேண்டும். அன்று ஸ்டியரிங்கில் இருந்தவர் மருந்துக்கடை அம்மா. நாற்பத்தைந்து வயது. யாருக்கு மூலம், யாருக்குப் படை, யாருக்குத் தூக்கம் வரவில்லை என்பதெல்லாம் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கக் கூடாது என்று, பதினைந்து வருடமாகத் தணிந்த குரலில் பேசியே பழகியவர். வீடுகளுக்கு மருந்து கொண்டு போகக் கடையில் ஒரு சின்ன வேன் வாங்கியிருந்தார்கள். ஓட்டக் கற்றுக்கொண்டால் வேன் உங்களுக்கு என்று சொல்லியிருந்தார்கள். நாள் முழுக்க நின்று நின்று வீங்கிய கால்களுக்கு அது விடுதலை. அது அவருக்குப் பதினோராவது வகுப்பு.

முனையில் அவர் ஒழுங்காகத்தான் நிறுத்தினார். ஒரு பக்கமிருந்து லாரி வந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி ஏதோ கேட்டார். எதிர்ப்பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்த சைக்கிள் மேல் அக்காவின் கண் இருந்தது. மருந்துக்கடை அம்மாவின் உதடு அசைந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. மறுபடியும் அசைந்தது. அக்கா தலையை ஆட்டினாள். கார் நகர்ந்தது. அக்கா பிரேக்கை மிதித்தபோது லாரியின் பின்மூலை காரின் மூக்கைச் சீவிவிட்டுப் போயிருந்தது.

யாருக்கும் பெரிய அடி இல்லை. பள்ளி முதலாளி ஓடி வந்தார், கூட்டம் கூடியது. "கேக்காம எடுத்துட்டாங்க சார்" என்றாள் அக்கா. அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. மருந்துக்கடை அம்மா என்னவோ சொன்னார். அந்த இரைச்சலில் அது ஒருவர் காதிலும் விழவில்லை. அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கே வரவில்லை.

ஆனால் முதலாளி ஏமாளி இல்லை. "அவங்க எடுத்தது தப்பு, சரி. அந்த லாரிக்காரன் அடிச்ச ஹாரன் கடைத்தெரு பூரா கேட்டுச்சே, உனக்கு மட்டும் ஏன்மா கேக்கல?" என்றார். அக்காவின் கை காதுக்குப் போனது. "போய்க் காதுக்கு மெஷின் வச்சுக்கிட்டு வா. மாசக் கடைசி சனிக்கிழமை நான் பின் சீட்டுல உக்காருவேன். ஓட்டறவங்க பேசறது ஒண்ணு விடாம உனக்குக் கேக்கணும். கேட்டா சீட்டு உனக்கு. இல்லேன்னா ஒண்ணாம் தேதி வேற ஆள் வரான்."

இரண்டு வருடமாகவே காது போய்க்கொண்டிருந்தது. முதலில் குருவி போனது, பிறகு சமையலறைக் குழாய் சொட்டுவது போனது, பிறகு மெல்லப் பேசுகிற மனிதர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். "என்ன, என்ன" என்று எத்தனை தடவை கேட்பது? அக்கா தலையாட்டக் கற்றுக்கொண்டாள். கார் ஓட்டக் கற்பவர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் "சரியா இருக்கா?" என்பதுதான். ஆட்டிய தலை பெரும்பாலும் சரியான பதிலாகவே அமைந்துவிட்டது. அந்த ஒரு நாள் அமையவில்லை. சீட்டு போய்விடுமோ என்பது அவ்வப்போது அரித்தது. தலையாட்டியது எந்நேரமும் அரித்தது.

காது பரிசோதிக்கிறவருக்கு அக்கா வைத்த பெயர் காதுக்காரர். பேனா மூடியைத் திறக்கவே அரை நிமிஷம் எடுத்துக்கொள்ளும் நிதானஸ்தர். அவர் எதிரே உட்கார்ந்தால் அக்காவுக்கு ஆக்சிலரேட்டரை அமுக்க வேண்டும் போலிருக்கும். சோதனை முடிந்து, காதுக்குப் பின்னால் வைக்கிற மெஷினும் முடிவாகியிருந்தது. அதிலிருந்து வரும் சின்னக் குழாயைக் காதுக்குள் பிடித்து வைக்க ஒரு மோல்டு வேண்டும். அதைத்தான் இப்போது ஒரு தட்டில் வகை வகையாகப் பரப்பி வைத்தார்.

"மெஷின் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் இது பொருந்தலேன்னா பிரயோஜனம் இல்லீங்க. இது காது மடல் குழி பூரா அடைச்சுக்கும். இதுல நடுவை எடுத்துட்டு ஓரச் சட்டம் மட்டும் விட்டிருக்கு. இது காது ஓட்டைக்குள்ள மட்டும் போறது, சின்னது. எல்லாமே கெட்டி பிளாஸ்டிக்லயும் வரும், மெத்துனு சிலிக்கான்லயும் வரும்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கெட்டியா இருந்தா மாட்டறது சுலபம், துடைக்கறது சுலபம், ரொம்ப வருஷம் உழைக்கும். ஆனா வளையாது. சிலிக்கான் காதோட சேந்து வளையும், நல்லா அடைச்சுக்கும். ஆனா மாட்டறப்ப மடங்கி உயிரை வாங்கும், சீக்கிரம் மாத்த வேண்டி வரும்."

"வெளிய தெரியாதது எது?"

காதுக்காரர் மெதுவாக நிமிர்ந்தார். "இந்தச் சின்னதுதான். ஆனா உங்களுக்குப் போயிருக்கற அளவுக்குச் சத்தத்தை நல்லா ஏத்தி வைக்கணும். இவ்வளவு சின்னதா இருந்தா ஓரமா கசியும். கசிஞ்ச சத்தம் திரும்ப மெஷினுக்குள்ளயே போய் விசிலடிக்கும். உங்களுக்குக் குழி அடைக்கறதுதான்..."

"சின்னதே போடுங்க. கெட்டியா."

"கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு."

அவள் யோசித்தது காதைப் பற்றி அல்ல. முடியைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் அந்தச் சின்னது யார் கண்ணிலும் படாது. காதுக் குழி நிறைய ஒன்றை அடைத்துக்கொண்டு மருந்துக்கடை வழியாகப் போனால் அந்த அம்மா ஒரு பார்வை பார்ப்பார். அன்றைக்கு இவளுக்குக் கேட்கவேயில்லை என்பது அந்த ஒரு பார்வையிலேயே புரிந்துபோகும். எவ்வளவு பெரிய மோல்டோ அவ்வளவு பெரிய ஒப்புதல். அக்கா அதற்குத் தயாராக இல்லை.

காதுக்காரர் நூல் கட்டிய பஞ்சை இரண்டு காதிலும் உள்ளே தள்ளினார். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் பசையை நிரப்பிப் பிதுக்கினார். சில்லென்று ஏதோ உள்ளே ஊர்ந்து போய் உலகத்தையே அடைத்தது. "அஞ்சு நிமிஷம், அசையாதீங்க" என்று கையால் காட்டினார். ஐம்பத்து மூன்று வயதில் அக்கா முதல்முறையாக ஐந்து நிமிஷம் அசையாமல், வாய் திறக்காமல், எச்சில்கூட விழுங்காமல் உட்கார்ந்தாள். தன்னால் முடியும் என்று காட்ட வேண்டுமாம். யாருக்கு? அந்தச் சுவருக்குத்தான்.

ஐந்தாம் நாள் மோல்டு வந்தது. மாட்டியவுடன் காதுக்காரர் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவில் இறங்கியபோது தன் செருப்புச் சத்தமே பின்னால் ஆள் வருவது போலிருக்க, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அவள் கணவர் சாவி செய்பவர். கடைத்தெருவில் ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய பெட்டிக்கடை. உள்ளே அரமும் தேய்க்கிற சக்கரமும். அதிகம் பேசாத மனிதர். வீட்டில் பேசுகிற வேலையை அக்கா ஒருத்தியே பார்த்துக்கொண்டதால் அவருக்கு அவசியமும் வரவில்லை. மோல்டைக் கையில் வாங்கி, மாற்றுச் சாவியைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் முதலாளி, பள்ளிக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் ஒத்திகை பார்க்க அனுமதித்தார். கிடைத்த ஆள் கணக்கு வாத்தியார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ரகம். அக்காவிடம் சேருகிற எல்லோரும் முதல் நாளே ஒரு பாடம் படித்தாக வேண்டும்: தெரியாத சத்தம் எது கேட்டாலும் காலை எடு, ஓரம் கட்டு, நிறுத்து. வாத்தியார் அதை நோட்டில் எழுதி அடிக்கோடே போட்டிருந்தார்.

"ம், எடு. கிளட்ச்சை விடு, மெதுவா விடு" என்றாள் அக்கா. கார் பத்தடி போனது. வாத்தியார் ஓரம் கட்டி நிறுத்தினார்.

"ஏன் நிறுத்தின?"

"வண்டில ஏதோ கத்துதுங்க."

அக்கா பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "ஒண்ணும் கத்தலையே."

"இப்ப இல்லீங்க."

"அப்ப எடு."

எடுத்தார், நிறுத்தினார். "இதோ, இதோ கத்துது!"

"எங்க?"

"நின்னு போச்சுங்க."

இப்படி ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை அக்காவுக்குப் பொறுமை போய், "உன் மனசுலதான் கத்துது" என்று கத்த, வாத்தியார் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவன் பானெட்டைத் திறந்தான், பெல்ட்டைத் தொட்டான், கீழே படுத்துப் பார்த்தான். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் வந்து நின்றான். "அக்கா, நீங்க கொஞ்சம் பேசுங்க" என்றான்.

"என்னத்தைப் பேசச் சொல்ற? வேலையைப் பாருடா."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டான். "இன்ஜின்ல ஒண்ணும் இல்லக்கா. விசில் உங்ககிட்ட இருந்துதான் வருது."

மெல்லிய கீச்சுச் சத்தம் அவள் காதை விட்டுப் போய் வெகு நாளாயிற்று. மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்ட விசில் அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. வாத்தியார் தர்மசங்கடத்தோடு நோட்டைப் புரட்டினார். அக்கா இரண்டு மோல்டையும் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். முகம் காந்தியது. சனிக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

வீட்டில் அவள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து தேய்த்தாள். சாவிக்காரர் அவள் தோளைத் தொட்டார். பேசுவதற்கு முன் தோளைத் தொடுவது இரண்டு வருடத்தில் அவருக்குப் பழகியிருந்தது. "அதை மாட்டிக்கிட்டுப் பேசு" என்றார்.

"என்ன பேசறது?"

"இது நீ கேக்கற கேள்வியா?"

மாட்டிக்கொண்டு பேசினாள். முதலாளியைத் திட்டினாள், காதுக்காரரைத் திட்டினாள், வாத்தியாரின் நோட்டைத் திட்டினாள். சாவிக்காரர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். பிறகு தன் சுண்டுவிரலைத் தன் காதுக்குள் விட்டு, வெறும் வாயை மென்றார். கொஞ்ச நேரம் மென்றார்.

"பூட்டு அசையாது. அதனால ஒரு அச்சு போதும். காது அசையுது, விரலை விட்டுப் பாரு. வாயைத் திறந்தா உள்ள வழி அகலமாகுது. நீ சும்மா இருக்கறப்ப கத்தல, பேசறப்பதான் கத்துது." விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "சும்மா இருக்கற பொம்பளைக்கு எடுத்த அச்சு இது. நீ என்னைக்குச் சும்மா இருந்திருக்க?"

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த ஐந்து நிமிஷம் சிலையாட்டம் உட்கார்ந்ததை நினைத்தால் தன் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மறுநாள் இரண்டு பேருமாகப் போனார்கள். காதுக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலைகுனிந்தார். "தப்பு என் பேர்லயும் இருக்குங்க. உங்க வேலையே பேசறதுதான்னு நான் கேட்டிருக்கணும். அசையாதீங்கன்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை சிலிக்கான்ல எடுப்போம், குழி பூரா அடைக்கற மாதிரி. வாய் அசையறப்ப அதுவும் கூட வளையும். பசை இறுகறவரைக்கும் நீங்க பேசிக்கிட்டே இருங்க. கார்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படி."

"குழி பூரான்னா வெளிய தெரியுமே."

"தெரியும். ஆனா கேக்கும்."

அக்கா நாற்காலியில் நெளிந்தாள். பையின் வாரை முறுக்கினாள், அவிழ்த்தாள். மெஷினில் கேட்கவில்லை என்றால் சீட்டு போகும். மோல்டு தெரிந்தால் பொய் வெளியே வரும். "பசையை விடுங்க" என்றாள் கடைசியில். அச்சு எடுப்பதற்கு மட்டும்தான் ஒப்புக்கொண்டாள், எந்த வகை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு சமாதானம்.

சாவிக்காரர் வெளியே காத்திருக்கிறவர்களோடு போய் உட்கார்ந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பசை உள்ளே போனது, உலகம் அடைத்துக்கொண்டது. காதுக்காரர் வாயைத் திறந்து மூடிக் காட்டினார். பேசு என்கிறார்.

"உக்காரு. கண்ணாடியைப் பாத்து வச்சுக்க" என்று அக்கா எதிரிலிருந்த காலி நாற்காலியிடம் ஆரம்பித்தாள். "கிளட்ச்சை மிதி. ஃபர்ஸ்ட் கியர். மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா. ம், போ. முன்னாடி சைக்கிள். விடு, அவன் போகட்டும்." கால்கள் தரையை மிதித்தன. தன் குரல் எங்கோ உள்ளே முனகுவது போல்தான் அவளுக்குக் கேட்டது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பது என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் மூன்று வாரமாக அவள் மனதுக்குள் பக்கத்து சீட்டில் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். "முனை வருது. நிறுத்து. நல்லா நிறுத்தின. நீ நல்லாத்தான் நிறுத்தின. லாரி வருதுன்னு என்கிட்ட கேட்ட. கேட்டிருப்ப. உன் வாய் அசைஞ்சதைப் பாத்தேன். எனக்கு ஒரு எழவும் கேக்கலம்மா. ரெண்டு வருஷமா யாரு என்ன கேட்டாலும் தலையை ஆட்டிக்கிட்டிருந்தேன். உனக்கும் ஆட்டினேன். நீ போன. நீ கேக்காம எடுத்தேன்னு முதலாளிகிட்ட நான் சொன்னது பொய். கூசாம சொன்னேன். தப்பு என்னோடது. என்னோடதுதான்."

அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லாததால், "கிளட்ச்சை விடு, மெதுவா விடு" என்று பசை இறுகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். காதுக்காரர் ஏன் பேனாவை வெறித்துப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் பசையை உருவி எடுத்ததும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காத்திருந்த ஏழு பேரும் அவளையே பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடிப் பெரியவர் ஒருவர் அவசரமாகச் சுவர்ப்படத்தைப் படிக்க ஆரம்பித்தார். சாவிக்காரர் எழுந்து வந்து தோளைத் தொட்டார். முகத்துக்கு நேராக நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னார்.

"எல்லாருக்கும் கேட்டுச்சு."

அக்காவுக்குக் கால் நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கார் இரைச்சலை மிஞ்சிப் பேசிய தொண்டை. காது இரண்டையும் அடைத்துவிட்டால் அது எவ்வளவு உயரம் போகும் என்று யார் கண்டார்கள்? கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் அவள் அதே பொய்யைத்தான் சொல்லியிருந்தாள். அவரும் நம்பி, தலைவலி மாத்திரைக்குக்கூட இரண்டு தெரு தள்ளி வேறு கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காதுக்காரர் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தார். எந்த வகை, எந்த நிறம் என்று தாளில் எழுதிக் காட்டினார். தோல் நிறமா, கண்ணாடி மாதிரியா?

"சிலிக்கான், குழி பூரா அடைக்கறது" என்றாள் அக்கா. "சிவப்பு இருக்கா?"

குழந்தைகளுக்குத்தான் அதெல்லாம் போடுவோம் என்று எழுதினார்.

"போடுங்க. இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது? எல் போர்டு மாதிரி தெரியட்டும்."

வழியில் சாவிக்காரர் நின்று, மருந்துக்கடை இருந்த திசையில் கையைக் காட்டினார். இப்போதே போ என்று அர்த்தம். அக்கா தலையை ஆட்டவில்லை. "மோல்டு வரட்டும்ங்க. சொல்லிட்டு ஓடி வரதுன்னா இப்பவே போயிருவேன். அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்குக் கேக்கணும்."

மோல்டு வியாழக்கிழமைதான் வந்தது. மாட்டும்போது மடங்கியது, வழுக்கியது, இரண்டு தடவை கீழே விழுந்தது. காதுக்காரர் சொன்னபடி உயிரை வாங்கியது. ஒருவழியாக உள்ளே போய் உட்கார்ந்ததும் அவரும் சாவிக்காரரும் மாறி மாறிப் பேசச் சொன்னார்கள். பேசினாள், சிரித்தாள், கொட்டாவி விட்டாள். விசில் இல்லை என்றார்கள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு நேரே மருந்துக்கடைக்கு நடந்தாள். வாசலில் அந்தச் சின்ன வேன் தூசி படிந்து நின்றது.

மருந்துக்கடை அம்மாவின் கண் முதலில் சிவப்பின் மேல்தான் போனது. அக்கா நினைத்தபடியே ஆயிற்று. அந்த ஒரு பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அக்கா அதற்காக நிற்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தலையாட்டியது, பொய் சொன்னது, இத்தனை நாளாக வராமல் இருந்தது. இந்தத் தடவை குரலைத் தணித்துத்தான் சொன்னாள்.

அந்த அம்மா ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரியால் பாதியாக வெட்டி, ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்து அனுப்பினார். பிறகு பேசினார். எப்போதும் போலத் தணிந்த குரல்தான். ஒரு சொல் விடாமல் கேட்டது.

"நான் ரெண்டு தடவை கேட்டேன். லாரி வருது, போகட்டுமான்னு. ரெண்டு தடவை. வீட்டுல சொன்னா யாரும் நம்பல. நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்களா, அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. கேட்டேனா, கேட்டதா நினைச்சுக்கிட்டேனான்னு. ராத்திரியெல்லாம் அதே யோசனை. உனக்கெல்லாம் வண்டி எதுக்குன்னு கடையில சிரிச்சாங்க."

கேட்காமல் போயிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். இப்போது எல்லாம் கேட்டுவிட்டது. அக்கா கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்கள் எதையும் மிதிக்கவில்லை.

"சனிக்கிழமை முதலாளி பின்னாடி உக்காந்து பாக்கறார். ஓட்ட நீங்க வரணும்" என்றாள். "அதே முனைக்குப் போகணும்."

"எனக்கு ஓட்ட வராது."

"நீங்க அன்னைக்குச் சரியாத்தான் ஓட்டினீங்க."

மருந்துக்கடை அம்மா இன்னும் இரண்டு பேருக்கு மருந்து கொடுத்தார். மூன்றாவது ஆள் மருந்துச் சீட்டை நீட்டியபோது, அதைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை மணிக்கு?" என்றார்.

முதலாளியிடம் வெள்ளிக்கிழமை சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே உன்னை அனுப்பியிருப்பேன்."

"தெரியும் சார். அதனாலதான் சொல்லல."

"இப்ப ஏன் சொல்ற?"

"நாளைக்கு அவங்கதான் ஓட்டறாங்க. அவங்க கேக்காம எடுக்கற ஆளுன்னு நினைச்சுக்கிட்டு நீங்க பின்னாடி உக்காரக் கூடாது." முதலாளி ஒண்ணாம் தேதிக்குப் பேசி வைத்த ஆளின் எண் எழுதிய தாளை அவள் கண்முன்னாலேயே எடுத்து, மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தார்.

சனிக்கிழமை காலை அவர் பின் சீட்டில் உட்கார்ந்தார். மருந்துக்கடை அம்மாவின் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்துப் போயிருந்தன. அக்கா முடியை ஒதுக்கி, சிவப்பு மோல்டை அவர் பக்கம் காட்டி உட்கார்ந்தாள். "கிளட்ச்சை விடு. மெதுவா விடு." கார் குலுங்காமல் கிளம்பியது. விசில் இல்லை. இன்டிகேட்டரின் டிக் டிக், சக்கரத்தில் பட்டுத் தெறித்த கல், அந்த அம்மா மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவது, எல்லாம் கேட்டது.

முனை வந்தது. மருந்துக்கடை அம்மா ஒழுங்காக நிறுத்தினார். ஒரு பக்கமிருந்து தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. அவர் திரும்பாமல், உதடு அசைகிறதா என்றே தெரியாதபடி கேட்டார்.

"லாரி வருது. போகட்டுமா?"

அக்காவின் தலை பழக்கதோஷத்தில் ஆடக் கிளம்பியது. கழுத்தை இறுக்கி நிறுத்தினாள். "கேட்டுச்சு. போகாத. இரு, அவன் போகட்டும்" என்றாள் சத்தமாக.

லாரி போனது. இரண்டு பக்கமும் வெறிச்சென்றிருந்தது. "இப்ப எடு." கார் முனையைக் கடந்தது. மூக்கு நசுங்கிய இடம் வந்தது, போனது. மருந்துக்கடை அம்மாவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. ஸ்டியரிங்கை விடக் கூடாது என்பதால் அவர் துடைக்கவில்லை. எதிரே பார்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்காது என்ற பதினைந்து வருடப் பழக்கத்தில், பல்லுக்குள் முனகினார்.

"இந்தக் காதை அன்னைக்கே மாட்டியிருந்தா என்னவாம், பாவி."

பின் சீட்டிலிருந்து முதலாளி முன்னால் சாய்ந்தார். "என்ன? என்னமோ சொன்னாங்களே, எனக்குக் கேக்கலையே?"

"எனக்குக் கேட்டுச்சு சார்" என்றாள் அக்கா. "நியாயமாத்தான் சொன்னாங்க."

மருந்துக்கடை அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைப் பாக்காத. ரோட்டைப் பாரு" என்றாள் அக்கா. "செகண்ட் போடு. கிளட்ச்சை விடு, மெதுவா விடு."